சாரல் பாபினும் முப்பிடாதியம்மாளும்

வாசுதேவநல்லூரிலிருந்து வரும் காலை பஸ் தென்காசிச் சந்தை முக்கில் நின்றபோது நான் எதிர்ப்பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை திறப்பதற்காகக் காத்திருந்தேன். கண்டக்டர் படியில் நின்றபடியே என்னைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"அண்ணாச்சி, ஒங்க கட்டைக் கம்பெனி முப்பிடாதியக்கா போயிட்டாவ. இன்னைக்குக் காலைல, மக வீட்டுல வச்சு. சங்கத்துல சொல்லிரச் சொல்லி மருமவன் சொல்லிவிட்டாரு."

நான் ஏதோ கேட்க வாயைத் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. என்ன கேட்க நினைத்தேன் என்று இப்போதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. கண்ணாடிக் கடையை மறந்து மேலகரம் நோக்கி நடந்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியங்களை அமைத்துக்கொண்டே போனேன். பட்டறைக்குள் நுழைந்தபோது அவற்றில் ஒன்றும் உதவவில்லை. "முப்பிடாதியம்மா தவறிட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். எந்திரச் சத்தத்தில் அது வாசலோரம் நின்ற கடைசல்காரர் சங்கரபாண்டிக்கு மட்டும்தான் கேட்டது. அவர் போய் மோட்டாரை நிறுத்தினார். எந்திரங்களை ஓட்டும் வார்கள் ஒவ்வொன்றாக ஓடி நின்றன. அந்த அமைதியில் மற்றவர்கள் தாமே புரிந்துகொண்டார்கள்.

மோட்டாரை நிறுத்தியவர் சங்கரபாண்டி என்பதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் முப்பிடாதியம்மாள் உட்காரும் இடத்தில் உட்காரமாட்டேன் என்று எழுந்து போனவர் அவர். அந்தக் கோபம் எதனால் வந்தது, எப்படிப் போனது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். சங்கத்தின் ஆண்டு மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் முப்பிடாதியம்மாளோடு ஒரே பலகையில் உட்கார்ந்து உப்புத்தாள் பிடித்தவர்கள்; என்னைவிட அவரை நன்றாக அறிந்தவர்கள். இந்த அஞ்சலியை எழுதுவதற்கு வேறு யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துப் பார்த்தேன். "பி.ஏ. படிச்சது நீங்கதான அண்ணாச்சி" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். படிப்பு வாக்கியத்தைத்தான் தரும். மனிதரைத் தருமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போது நம் கூட்டுறவுச் சங்கம் இருக்கும் இதே கொட்டகையில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தனியார் கம்பெனி நடந்தது. நூல் ஆலைகளில் நூலைச் சுற்றி வைக்கும் மரக்கட்டைக்குப் பாபின் என்று பெயர். மலையிலிருந்து இறங்கும் மஞ்சக்கடம்பு மரத்தைத் துண்டுகளாக அறுத்து, களத்தில் காயப்போட்டு, கடைந்து, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, வார்னிஷ் பூசி, அடியில் பித்தளை வளையம் மாட்டி ஆலைகளுக்கு அனுப்புவோம். கடைசல் ஆண்களுடையது. தேய்ப்புக் கூடம் பெண்களுடையது. நான் அங்கே குமாஸ்தா. தேய்ப்புக் கூடத்துக்கு முப்பிடாதியம்மாள் மூத்தவர். கணவர் இறந்து, ஒரே மகளை வளர்த்துக்கொண்டு, இலஞ்சியிலிருந்து நடந்து வந்து போனவர்.

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கடைசல் எந்திரங்கள் அத்தனையும் ஓடும்போது கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவர் குரல் மட்டும் போகும். ஒருநாள் மேனேஜர் அவரை அழைத்து, "பக்கத்தில் இருக்கிறவளிடம் போய் மெதுவாகச் சொன்னால் என்ன?" என்று கேட்டார். "மெதுவாச் சொன்னா அதுக்குப் பேரு புறணி சார். சத்தமாச் சொன்னாத்தான் வேலை" என்றார் முப்பிடாதியம்மாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பேரேட்டைப் பார்த்தேன். அதன்பின் அவரை யாரும் அடக்க முயன்றதில்லை.

ஜப்பான் பாபினை நாங்கள் முதலில் பார்த்த நாளும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த ஓர் ஆலை, இனி வேண்டாம் என்று எழுதி, காரணத்துக்குச் சாட்சியாக ஒரு வெளிநாட்டுப் பாபினையும் அனுப்பியிருந்தது. மேனேஜர் அதைத் தேய்ப்புக் கூடத்துக்குக் கொண்டுவந்து, "பாருங்கள், கப்பலில் வந்து இறங்கியும் நம் விலையைவிடக் குறைவு" என்றார். அது கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒருத்தி, "சவத்தெ, அடுப்புல போடு" என்றாள். முப்பிடாதியம்மாள் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"எவளோ ஒருத்தி ஒழுங்கா உக்காந்து தேய்ச்சிருக்கா. நல்லா இருக்கட்டும்" என்றார்.

"என்னக்கா, நம்ம சோத்துல மண்ணப் போட்டவள வாழ்த்துதீய?"

"சோத்துல மண்ணப் போட்டது அவ மொதலாளி. கை அவ கைதானட்டி. கையக் கொறை சொல்லுவாவளா?"

கப்பலுக்கு அந்தப் பக்கமும் ஒரு தேய்ப்புக் கூடம் இருக்கும், அங்கேயும் பெண்கள் பலகையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது, அத்தனை படித்த எனக்கு அதுவரை தோன்றவில்லை. மேனேஜருக்கும் தோன்றியிருக்காது.

ஆனால் எங்கள் சரக்கு தோற்றதற்கு ஜப்பான் மட்டும் காரணம் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மரம் களத்தில் வெயிலில் காய வேண்டும். ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் மேலகரத்தில் வெயில் எங்கே இருக்கிறது? நாள் முழுக்கத் தூவானம், துணியே காயாது. கம்பெனிக்கோ மாதம் தவறாமல் சரக்குப் போக வேண்டும். ஆகவே அந்த மூன்று மாதமும் ஈரம் வாங்கிய மரத்தையே கடைந்து, தேய்த்து, வார்னிஷ் அடித்து அனுப்பிவிடுவோம். இங்கே இருக்கும்வரை அது அழகாகத்தான் இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்து வெக்கைக்குப் போனதும் மரம் சுருங்கும். பித்தளை வளையம் ஆடத் தொடங்கும். ஓட்டத்தில் நூல் அறும். நமக்குள் இதற்குச் சாரல் பாபின் என்று பெயர் வைத்திருந்தோம். பெண்களின் உப்புத்தாளில் மரத்தூள் களிபோல் அப்பிக்கொள்ளும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடும். வேறு சரக்கு கிடைக்காத வரையில் ஆலைக்காரர்கள் முனகிக்கொண்டே வாங்கினார்கள். வேறு சரக்கு வந்ததும் முனகலை நிறுத்தி, வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு கார்த்திகையில் கம்பெனி மூடப்பட்டது. கடைசல்காரர்கள் சிலர் மலைக் கூப்புகளுக்கு மரம் வெட்டப் போனார்கள். சீசன் வந்ததும் சிலர் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலையில் இறங்கினார்கள். கடைசல் பிடித்த கைக்கு நல்ல அழுத்தம் உண்டு என்று அவர்களுக்குப் பெயரும் கிடைத்தது. முப்பிடாதியம்மாள் அருவிக்குப் போகும் சாலையில் மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்றார்.

இந்த நிலையில்தான், வெளிநாட்டுச் சரக்கின் வரவால் வேலை இழந்த தொழிலாளர்களுக்கு அரசாங்கம் உதவப்போகிறது என்று தெரிந்தது. சில மாதங்களுக்கு உதவித்தொகை. சேர்ந்து தொழில் செய்ய முன்வந்தால் கடன். எல்லாருமாகச் சேர்ந்து மனுப் போட்டோம். ஆங்கிலத்தில் நான் எழுதினேன். பதிலாக, ஓர் அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார், வெளிநாட்டுச் சரக்கால்தான் கம்பெனி மூடப்பட்டது என்று அவருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

விசாரணை ஆடி மாதத்தில் வைக்கப்பட்டது. ஆடியில் இந்தப் பக்கம் ஒரு வேலை வைத்துக்கொள்ளாத அதிகாரி அன்றைக்குக் கிடையாது. இன்றைக்கும் கிடையாது என்றே நினைக்கிறேன். அவர் குற்றாலத்தில் தங்கினார். அருவிக்கரையில் அவருக்கு எண்ணெய் தேய்த்தது யார் என்று தெரியாமலே தேய்த்துக்கொண்டார். நம் கடைசல்காரர் இசக்கிதான் அது. இசக்கி அங்கிருந்து நேரே எங்களிடம் ஓடி வந்தார்.

"ஆளு எப்படிலே?" என்று கேட்டார் சங்கரபாண்டி.

"முதுகு இறுக்கமா இல்ல. நல்ல மனுசன்தான். தேய்க்கும்போது ஒறங்கிட்டாரு."

எல்லாரும் சிரித்தோம். பல மாதங்களுக்குப் பின் சேர்ந்து சிரித்த சிரிப்பு அது. பிறகு சங்கரபாண்டி எழுந்து நின்றார். தொழிலாளர் சார்பில் பேசும் பொறுப்பு அவருடையது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. சாரல் பாபின்ங்கிற பேச்சையே யாரும் எடுக்கப்படாது. ஜப்பான் சரக்கு. அவ்வளவுதான். எது கேட்டாலும் ஜப்பான் சரக்கு. என்ன முப்பிடாதி, கேட்டியா?"

"கேட்டேன்."

"கேட்டேன்னா? சரின்னு சொல்லு."

"நீ கேட்டியான்னுதான கேட்ட. கேட்டேன்."

சங்கரபாண்டி என்னைப் பார்த்தார். அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன. அவருடைய வீடும் அவற்றில் ஒன்று.

மறுநாள் மூடிக் கிடந்த இந்தக் கொட்டகையில் விசாரணை நடந்தது. அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசினார். ஒவ்வொருவர் சொல்வதையும் ஆங்கிலத்தில் எழுதும் வேலை எனக்கு. முதல் நாலைந்து பேரும் ஜப்பான் சரக்கு என்றார்கள். எழுதினேன். அது பொய்யும் இல்லை. இடையில் அதிகாரி எழுந்து, மூலையில் விற்காமல் கிடந்த குவியலிலிருந்து ஒரு பாபினை எடுத்தார். சும்மா கையில் வைத்துச் சுற்றினார். வளையம் கடகடவென்றது.

"இது ஏன் இப்படி ஆடுகிறது?"

"ரொம்ப நாளாக் கெடந்துட்டு சார். வெளிய கெடந்தா ஆடத்தான் செய்யும்" என்றார் சங்கரபாண்டி.

அதிகாரி தலையசைத்துவிட்டு அதைத் திரும்ப வைக்கப் போனார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். அப்போது முப்பிடாதியம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார்.

"அது கெடந்ததுனால ஆடல சார். சாரல்ல செஞ்சது. ஈரக்கட்டை. மில்லு வெக்கைக்குப் போனா ஒவ்வொண்ணும் இப்படித்தான் ஆடும்."

யாரோ மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. நானாகவும் இருக்கலாம்.

"அப்படியானால் ஜப்பான் சரக்கால் கம்பெனி மூடப்படவில்லை என்கிறீர்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"அதனாலதான் மூடுனாவ. அது வராட்டா எங்க சாரல் பாபின மில்லுக்காரன் பொறுத்துக்கிட்டிருப்பான். வந்துட்டு, பொறுக்கல. ரெண்டும் நிசம் சார். ஒண்ண மட்டும் எழுதிக்கிட்டுப் போனியன்னா நீங்க உதவி குடுப்பீய, நாங்க திம்போம். திரும்பக் கம்பெனி நடத்தக் கடன் குடுப்பீய, திரும்ப ஈரக்கட்டையே செய்வோம். அடுத்த ஆடிக்கு மறுபடியும் மனு எழுதிக்கிட்டு இருப்பாரு இந்த அண்ணாச்சி."

என் பேனா நின்றுவிட்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, மை தீந்துட்டா?"

எழுதினேன். அதிகாரி குடை எடுக்காமல் களத்துக்குப் போய், கேட்பாரற்று அடுக்கியிருந்த மரத்துண்டுகளின்மேல் கையை வைத்துப் பார்த்தார். சட்டை நனைந்து திரும்பி வந்தார்.

"அம்மா, இதை நான் மேலே எழுதினால் உங்களுக்கு முழு உதவித்தொகை கிடைக்காமல் போகலாம். அது தெரிந்துதான் சொன்னீர்களா?"

"தெரியும் சார். கொறைச்சுக் குடுங்க. ஆனா கட்டைய ஒணத்த ஒரு சூட்டறை கட்டிக் குடுங்க."

சங்கரபாண்டி கத்தினார். "கொறைச்சுக் குடுங்கன்னு சொல்ல நீ யாருட்டி? என் பிள்ளையளுக்கும் சேத்து நீ யாரு சொல்ல?"

"ஈரம்னு தெரிஞ்சே கடைஞ்சவன் நீ. ஈரம்னு தெரிஞ்சே தேய்ச்சவ நான். நான் சொல்லாம யாருலே சொல்லணும்? மலையா வந்து சொல்லும்?"

சங்கரபாண்டியின் கேள்விக்கு இது பதில்தானா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எல்லார் பசிக்கும் சேர்த்து ஒருவர் துணியலாமா? படித்த புத்தகங்களில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் கையில் ஓர் ஆடும் வளையத்தை வைத்துக்கொண்டு நின்ற அந்த அதிகாரியின் முன்னால், அந்தக் கொட்டகையில் அத்தனை பேர் இருந்தும், தலையைக் குனியாமல் நின்றவர் முப்பிடாதியம்மாள் ஒருவர்தான் என்பது மட்டும் எனக்கு ஐயமில்லாமல் தெரியும்.

அதன்பின் வந்த மாதங்கள் கொடியவை. அரசாங்கத்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை. முப்பிடாதியம்மாளிடம் நம் ஆட்கள் யாரும் கிழங்கு வாங்குவதில்லை. தெருக்குழாயடியில் சங்கரபாண்டியின் மனைவி, எல்லாரும் கேட்க, "அவ சொன்ன சாட்சியத்தையே அவிச்சுத் திங்கட்டும்" என்றாளாம். முப்பிடாதியம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "உப்பு போட்டு அவிச்சா நல்லாத்தாம்ட்டி இருக்கும். ஒனக்கும் ஒரு தட்டு எடுத்து வைக்கேன், வா" என்றாராம். சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஆனால் அவர் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதும் அந்த மாதங்களில்தான்.

உத்தரவு வந்தது. அதிகாரி எச்சரித்தபடியே உதவித்தொகை குறைக்கப்பட்டிருந்தது, கேட்டதில் பாதிதான். ஆனால் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தால் கொட்டகையையும் எந்திரங்களையும் வாங்கக் கடன் உண்டு. அந்தக் கடனில் ஒரு பகுதி மரம் உலர்த்தும் அறை கட்டுவதற்கு மட்டுமே செலவிடப்பட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் அதை ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்தேன். யாரும் கை தட்டவில்லை. பாதி என்ற சொல்தான் எல்லார் காதிலும் நின்றது. கோமதிநாயகம் என்ற கடைசல்காரர் அந்த வாரமே குடும்பத்தோடு மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். முழுத் தொகை வந்திருந்தால் அவர் போயிருக்கமாட்டார் என்று சங்கரபாண்டி சொல்வார். அப்படியும் இருக்கலாம்.

சூட்டறை எழுந்த பிறகு முப்பிடாதியம்மாள் தோட்டத்துக்கு பஸ் ஏறிப்போய் அவரைத் திரும்பி வரும்படி கூப்பிட்டார். அங்கே பிள்ளைகளுக்கும் வேலை கிடைத்துவிட்டதால் அவர் வரவில்லை. முப்பிடாதியம்மாள் திரும்பி வந்து என்னிடம், "வரமாட்டேன்னுட்டான். அவனுக்கு மட்டும் என்னால ஒண்ணும் செய்ய முடியாமப் போச்சு அண்ணாச்சி" என்றார். மெதுவான குரலில் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

சூட்டறைத் திறப்பு விழாவில், மேடையில் தனக்கு நாற்காலி போடவில்லை என்று அவர் போட்ட சண்டையைச் சொல்லாவிட்டால் இது பாதி அஞ்சலிதான். "அறையக் கேட்டது நான். பாக்கவந்தவுகளுக்கு நாற்காலி, கேட்டவளுக்குப் பாயா?" என்றார். நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்து, பச்சைச் சேலையில், முதுகை நிமிர்த்திக்கொண்டு அவர் எடுத்துக்கொண்ட போட்டோ நம் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது. அதில் அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சங்கரபாண்டி இல்லை. எழுந்து போய்விட்டார்.

முதல் சாரல் வந்தது. வெளியே தூவானம் பெய்துகொண்டிருக்க, உள்ளே சூட்டறையில் கழிவுக்கட்டைகளை எரித்து, இரும்புக் குழாய்களில் வெக்கை ஏற்றி, மரத்தை உலர்த்தினோம். அந்தச் சரக்கை எங்களை விட்டுப்போன அதே ஆலைக்கு அனுப்பினோம். நல்லதா கெட்டதா என்பது வெயில் காலத்தில்தான் தெரியும். அதுவரை நான் சரியாக உறங்கவில்லை. சித்திரையில் ஆலையிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு சாக்குப் பையிலிருந்து எங்கள் ஆடி மாதப் பாபின்களைப் பலகையில் கொட்டினார். திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுவந்தார் என்று நினைத்தேன். சங்கரபாண்டி முந்திக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஒன்று, இன்னொன்று, மற்றொன்று. தேய்ப்புக் கூடமே எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் திரும்பி, "ஒரு சத்தமும் இல்லக்கா" என்றார்.

அவரைவிட வயதில் இளையவர் முப்பிடாதியம்மாள். அதுவரை அவர் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை.

"நீ கடைஞ்சதுதானலே. எப்படிச் சத்தம் வரும்?" என்றார் முப்பிடாதியம்மாள். ஆலைக்காரர் வந்தது, இதே போல் இன்னும் வேண்டும் என்று சொல்லத்தான். பையில் கொண்டுவந்தது மாதிரிக்கு.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் நடந்ததை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். வெளிநாட்டுச் சரக்கின்மேல் அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜப்பான் பாபின் வருவது நின்றது. ஆலைகள் எங்களைத் தேடி வந்தன. அந்த ஆண்டுச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் நியாயமான ஒரு யோசனை சொன்னார். சீசனில் குற்றாலத்து விடுதிகளுக்கு வெந்நீர் போட விறகு கிடைப்பதில்லை. என்ன விலை சொன்னாலும் வாங்குகிறார்கள். கழிவுக்கட்டையைச் சூட்டறையில் எரிப்பதற்குப் பதில் அவர்களுக்கு விற்றால் என்ன? போட்டிக்குத்தான் ஆள் இல்லையே. தலைகள் அசைந்தன. அப்போது சங்கச் செயலாளராக இருந்த நானும் அதில் பிழை ஒன்றும் காணவில்லை. விறகு விலை உண்மையிலேயே நல்ல விலை.

முப்பிடாதியம்மாள் எழுந்தார்.

"ஜப்பான்காரன் பயத்துலயா நாம ஒணத்துதோம்? அப்ப அவன் வரலன்னா மில்லுல நூலு அறாதா? அங்கன நூலு இழுக்கது நம்மள மாதிரிப் பொம்பளையதான. ஒவ்வொரு தடவையும் அறுந்த நூல முடியுதது அவ கை. அவளுக்கு வேற கட்டை கெடைக்காதுன்னு தெரிஞ்சு ஈரக்கட்டையக் குடுக்கியளா? அப்படின்னா சர்க்கார் நமக்குக் குடுத்த கடன, வெக்கம் இருந்தா, இன்னைக்கே திருப்பிக் கட்டிருங்க."

விறகு யோசனைக்கு எதிராக முதலில் கை தூக்கியவர் சங்கரபாண்டி. அந்த ஆண்டும் சூட்டறை எரிந்தது. அதற்கு அடுத்த ஆண்டும் எரிந்தது. இப்போது, நான் இதை எழுதும் ஆடியிலும் எரிகிறது.

உதவி என்றால் விழுந்தவனைத் தூக்கி நிறுத்துவது என்று அரசாங்கக் காகிதங்களில் படித்திருக்கிறேன். எழுந்து நின்ற பிறகு அந்த உதவிக்கு ஏற்றபடி நடந்துகொள்வது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எந்தக் காகிதத்திலும் படித்ததில்லை. நம் சங்கம் கடனைக் கட்டி முடித்தது பற்றிப் பலர் பாராட்டினார்கள். எனக்கு அதைவிடப் பெருமை, போட்டி இல்லாத ஆண்டுகளிலும் நாம் ஒரு சாரல் பாபின்கூட அனுப்பவில்லை என்பது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு அவருடையது. மீதி, அவருக்குப் பயந்த நம் எல்லாருடையதும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். சங்கத்தின் பேரில் எதை எழுதினாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத் தேய்ப்புக் கூடத்தில் எந்திரச் சத்தத்துக்கு மேலாக உரக்கப் படிப்பேன். கூச்ச சுபாவம் உள்ள எனக்கு இன்றும் அது கடினம்தான். ஆனாலும் அங்கே படிக்க முடியாத எதிலும் நான் கையெழுத்திடுவதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் இந்தப் பழக்கம் போகவில்லை. இந்தக் கட்டுரையையும் நேற்று அங்கே நின்று படித்தேன்.

எல்லாரும் உப்புத்தாளை வைத்துவிட்டுக் கேட்டார்கள். "முப்பிடாதியம்மாள் வாழ்நாளில் ஒரு பொய்யும் சொன்னதில்லை" என்று கடைசி வரி எழுதியிருந்தேன். அதைப் படித்ததும் கூடம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன அண்ணாச்சி இப்படி எழுதிட்டீய?" என்றாள் முன்பலகையில் இருந்த செல்லத்தாய். "எனக்குப் பேசி முடிக்கையில, பிள்ள வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசாது, சமையல்ல கெட்டிக்காரின்னு மாப்ள வீட்டுல சொன்னதே அக்காதான்."

"அதக் கேக்கத்தான் ஒன் புருசன் இன்னைக்கு வரைக்கும் அக்காளத் தேடிக்கிட்டு இருக்கான்" என்று இன்னொருத்தி சொல்ல, மறுபடி சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"அப்படியானால் என்னவென்று போடட்டும்?" என்று கேட்டேன்.

செல்லத்தாய் கொஞ்சம் யோசித்தாள். "கட்டையப் பத்திப் பொய் சொன்னதில்லன்னு போடுங்க" என்றாள்.

வாசலோரம் நின்ற சங்கரபாண்டியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

அப்படியே போட்டிருக்கிறேன்: முப்பிடாதியம்மாள் கட்டையைப் பற்றிப் பொய் சொன்னதில்லை.